பிட்காயின் வாங்கும் முன்: உங்கள் கணக்கு ஊருக்கே தெரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிட்காயினில் யாரும் பெயர் கேட்பதில்லை. அதனால் அது ரகசியப் பணம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நிலைமை கிட்டத்தட்ட நேர் எதிர். வங்கிப் பாஸ்புக்கில் பெயர் இருக்கும் முதல் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மீதியை பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவைத்தால் எப்படி இருக்கும்? பிட்காயினின் எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பொதுப் பேரேடு அப்படித்தான் இருக்கிறது. 2009 ஜனவரி 3 முதல் இன்றுவரை எந்த முகவரியிலிருந்து (கணக்கு எண் போன்ற நீளமான எழுத்துத் தொடர்) எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பெயர் ஏதோ ஓரிடத்தில் அதோடு ஒட்டிக்கொண்டால் போதும், அதற்கு முன்னால் நடந்ததும் இனி நடக்கப்போவதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பேரேடு எதையும் மறப்பதும் இல்லை. 2012-ல் சில்க் ரோடு என்ற கள்ளச்சந்தைத் தளத்திலிருந்து ஒருவர் திருடிய 50,000-க்கும் மேற்பட்ட பிட்காயினை, அமெரிக்க அதிகாரிகள் 2021 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் வீட்டில் கைப்பற்றினார்கள். குளியலறை அலமாரியில் பாப்கார்ன் டப்பாவுக்குள் இருந்த ஒரு குட்டிக் கணினியிலும் அதில் ஒரு பங்கு இருந்தது. ஒன்பது வருடம் கழித்தும் தடம் அழியவில்லை. திருடன் மாட்டியது நல்லதுதான். ஆனால் அதே பேரேடு, ஒரு டிசைனருக்கு ஐந்தாயிரம் ரூபாய் கூலியை பிட்காயினாக அனுப்பிய உங்களையும் அதே தெளிவோடு காட்டுகிறது. கவனமில்லாமல் அனுப்பினால், உங்கள் சேமிப்பு எவ்வளவு என்று அந்த டிசைனர் டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரை புதிதாக வருகிறவர்களுக்கானது. பெரும்பாலும் பிட்காயினைப் பற்றியே பேசுகிறேன். மற்ற நாணயங்களைப் பற்றி நடுவில் கொஞ்சம் வரும்.

முதல் படி: யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரிடமிருந்தும் மறைவது நடக்காத காரியம், தேவையும் இல்லை. வருமான வரித்துறையிடமிருந்து மறைக்கும் வழி தேடி வந்திருந்தால் இந்தக் கட்டுரை உதவாது. சாதாரண ஆளுக்கு உண்மையான ஆபத்து வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: நீங்கள் பணம் அனுப்பும் அல்லது வாங்கும் ஆள், உங்கள் விவரங்களைச் சேர்த்துவைத்துத் தவறவிடும் நிறுவனங்கள், அப்படிக் கசிந்த பட்டியலை வைத்து ஆளைத் தேடும் திருடர்கள்.

மூன்றாவதைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஹார்டுவேர் வாலட் (பிட்காயினைச் செலவழிக்கும் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் சின்னக் கருவி) விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2020-ல் திருடுபோனது. அந்த டிசம்பரில் சுமார் 2,72,000 பேருடைய பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த வருடம் சிலர் வீட்டுக்குத் தபாலில் போலி லெட்ஜர் கருவிகளே வந்தன. 2025 மே மாதம், கிரிப்டோ வாங்கி விற்க உதவும் காயின்பேஸ் நிறுவனம், தன் வெளிநாட்டு உதவி மைய ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு 69,461 வாடிக்கையாளர்களின் விவரங்களை வெளியே கொடுத்துவிட்டதாகச் சொன்னது. அடையாள அட்டைப் படம், கணக்கில் இருந்த தொகை வரை அதில் இருந்தன. இரண்டு சம்பவத்திலும் யாருடைய வாலட்டையும் யாரும் உடைக்கவில்லை. யாரிடம் பணம் இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல்தான் போனது.

இரண்டாம் படி: கணக்கு தொடங்குவதற்கு முன்னால்

கிரிப்டோவுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று திறங்கள். அதில் உங்கள் பெயர், பிறந்த வருடம் எதுவும் வேண்டாம். அதை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். ஒருநாள் அந்த முகவரிக்கு "உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்று சம்பந்தமில்லாத யாரோ எழுதினால், பட்டியல் எங்கேயோ கசிந்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கணக்கைப் பூட்ட எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாதீர்கள், ஆதென்டிகேட்டர் செயலியையும் இணையுங்கள். ஹார்டுவேர் வாலட் வாங்கினால் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்குங்கள். கூரியர் அலுவலகத்துக்கே போய் வாங்கிக்கொள்ள முடிந்தால் வீட்டு முகவரி கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எக்ஸ்சேஞ்சில் வாங்கும்போது

இந்தியாவில் கிரிப்டோ வாங்கவும் விற்கவும் உதவும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்த பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு என்ன தெரியும் என்பதில் தெளிவாக இருங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது வாங்கினீர்கள் என்பதோடு, எந்த முகவரிக்கு வெளியே எடுத்தீர்கள் என்பதும் தெரியும். ஆக, உங்கள் சொந்த வாலட்டின் (பிட்காயினை நீங்களே வைத்திருக்கும் செயலி அல்லது கருவி) முதல் முகவரி உங்கள் பெயரோடு சேர்த்தே பதிவாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க முடியாது. அந்த முகவரி அதற்கு மேல் எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதைத்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சொந்த வாலட்டுக்கு வெளியே எடுக்க அந்தச் செயலி அனுமதிக்கிறதா? எல்லாச் செயலிகளும் அனுமதிப்பதில்லை.

கேஒய்சி வேண்டாம் என்று டெலிகிராமில் முன்பின் தெரியாத ஆளிடம் யுபிஐ வழியாக வாங்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த ஆளின் கணக்கில் சைபர் மோசடிப் பணம் புழங்கியிருந்தால், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். அதை விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு ஆவணங்களோடு அலைய நேர்கிறது. அங்கே போய் உட்காரும்போது எந்த ரகசியமும் மிஞ்சப்போவதில்லை.

நான்காம் படி: சொந்த வாலட்

கணினியில் ஸ்பாரோ அல்லது எலக்ட்ரம், போனில் ப்ளூவாலட். இந்த மூன்றிலும் எந்தக் காசைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் வருகிறது. புதியவர்களுக்கு என் பரிந்துரை ஸ்பாரோ. திரை கொஞ்சம் மிரட்டும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் காட்டும்.

வாலட் தரும் 12 அல்லது 24 சீட் வார்த்தைகளைத் தாளில் எழுதுங்கள். இவை யார் கையில் கிடைத்தாலும் பணம் முழுவதையும் எடுத்துவிட முடியும். போட்டோ எடுக்காதீர்கள். போனில் எடுக்கும் படம் உங்களைக் கேட்காமலே கிளவுடுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கூடாது.

ஐந்தாம் படி: காசுகளைக் கலக்காதீர்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

வாலட் திரையில் "0.024" என்று ஒரே தொகை தெரியும். பேரேட்டில் அப்படி ஒரு தொகை இல்லை. உங்களுக்கு வந்த ஒவ்வொரு வரவும் தனித்தனிக் காசாக, தனித்தனி வரலாற்றோடு கிடக்கிறது. அனுப்பும்போது ஒரு காசை முழுதாக எடுத்துத்தான் கொடுக்க முடியும். மீதி, சில்லறையாக உங்களுடைய புது முகவரி ஒன்றுக்குத் திரும்பி வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சிலிருந்து 0.02 பிட்காயின் எடுத்திருக்கிறீர்கள். ஒரு விபிஎன் சந்தாவுக்கு 0.003 அனுப்புகிறீர்கள். பேரேட்டில் உள்ளே போவது 0.02. வெளியே வருவது இரண்டு: ஒன்று 0.003, இன்னொன்று 0.01698. நடுவில் உள்ள 0.00002 கட்டணம். இதில் எது விலை, எது சில்லறை? ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். உருண்டையான எண் விலை, துண்டு எண் சில்லறை. விபிஎன் நிறுவனத்துக்கு இப்போது உங்களிடம் இன்னும் 0.01698 இருக்கிறது என்று தெரியும். அது அடுத்து எங்கே போகிறது என்றும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆகவே சில்லறைக்கும் வரலாறு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, வேறொரு வாடிக்கையாளர் உங்கள் வேலைக்காக 0.004 அனுப்புகிறார். புது முகவரியில் வாங்கிக்கொண்டீர்கள், நல்லது. பிறகு ஒருவருக்கு 0.019 கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்தக் காசும் தனியாகப் போதாது. வாலட் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அந்த நொடியில் இரண்டு காசும் ஒரே ஆளுடையது என்று பேரேட்டில் எழுதியாகிவிட்டது. அந்த வாடிக்கையாளர் தான் அனுப்பிய 0.004-ஐப் பின்தொடர்ந்தால் 0.01698-ஐப் பார்ப்பார். அதிலிருந்து பின்னால் போனால் விபிஎன் செலவு, அதற்கும் பின்னால் எக்ஸ்சேஞ்ச்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பலவீனம் இல்லை. பிட்காயினை உருவாக்கிய சத்தோஷி நகமோட்டோ 2008-ல் வெளியிட்ட மூல ஆவணத்திலேயே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி (அதாவது புது முகவரி) பயன்படுத்தச் சொல்லிவிட்டு, பல காசுகளைச் சேர்த்துச் செலவழித்தால் அவை ஒருவருடையவை என்பது வெளிப்படுவதைத் தவிர்க்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார். 2013-ல் சாரா மைக்கிள்ஜான் தலைமையிலான கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். எக்ஸ்சேஞ்சுகள், கடைகள், சூதாட்டத் தளங்கள் என்று பல இடங்களில் தாங்களே காசு போட்டு எடுத்து, கிடைத்த முகவரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். பிறகு சேர்ந்து செலவான முகவரிகளையும் சில்லறை முகவரிகளையும் கோர்த்துக்கொண்டே போய் பெரிய பெரிய முகவரிக் கூட்டங்களையே அடையாளம் கண்டார்கள். இன்று அதே வேலையைச் செய்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சுகள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள்.

சரி, என்ன செய்வது?

ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி கொடுங்கள். நல்ல வாலட்டுகள் தானாகவே புதிது காட்டும். பழையதை நகலெடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கொடுப்பது நம் பழக்கக் கோளாறு. காசு வந்ததும் அதற்கு லேபிள் எழுதுங்கள்: எங்கிருந்து வந்தது, யாருக்கெல்லாம் இது உங்களுடையது என்று தெரியும். சில்லறைக்கும் அப்படியே. மூன்று மாதம் கழித்து லேபிள் இல்லாத காசைப் பார்த்தால் எதுவும் நினைவுக்கு வராது.

அனுப்பும்போது எந்தக் காசு என்பதை வாலட்டே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஸ்பாரோவில் காசுப் பட்டியல் தனிப் பக்கமாக இருக்கிறது; வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். எலக்ட்ரத்தில் காசுகள் பக்கத்தை வியூ மெனுவில் இயக்க வேண்டும். தொடவே கூடாத காசை இரண்டிலும் உறையவைக்கலாம்.

மேலே சொன்ன 0.019 சிக்கலுக்குத் தீர்வு? பணம் பெறுபவர் சம்மதித்தால் அவருடைய இரண்டு முகவரிகளுக்கு இரண்டு தவணையாக, வெவ்வேறு நேரத்தில் அனுப்புங்கள். அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சட்டென்று தெரியாது. இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து, அதை 0.01698-ஓடு சேருங்கள். இரண்டுமே ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ளவை, சேர்ந்தால் புதிதாகப் போவது குறைவு. சிக்கலே வராமலிருக்க, தொடக்கத்திலேயே ஸ்பாரோவில் இரண்டு வாலட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று சேமிப்புக்கு, ஒன்று செலவுக்கு. செலவு வாலட்டில் சின்னத் தொகை மட்டும். அதைப் பார்க்கிறவர் சின்னத் தொகையைத்தான் பார்ப்பார்.

கேட்காமலே 546 சத்தோஷி (பிட்காயினின் மிகச் சின்ன அலகு) மாதிரி ஒரு துளி வந்து விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதை நீங்கள் மற்ற காசுகளோடு சேர்த்துச் செலவழிப்பீர்களா என்று பார்க்கத்தான் யாரோ தூவியிருப்பார்கள். உறையவைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ஆறாம் படி: வாலட் யாரோடு பேசுகிறது?

பேரேட்டில் கவனமாக இருந்துவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பது இங்கேதான். உங்கள் வாலட் இருப்பைக் காட்ட வேண்டுமென்றால் ஏதோ ஒரு சர்வரிடம் "இந்த முகவரிகளில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். பொதுச் சர்வராக இருந்தால் அதை நடத்துகிறவருக்கு உங்கள் எல்லா முகவரிகளும், உங்கள் ஐபியும் (இணைய இணைப்பின் எண்) ஒன்றாகவே கிடைத்துவிடுகின்றன. நீங்கள் கவனமாகப் பிரித்து வைத்த காசுகளெல்லாம் அவர் கண்ணில் ஒரே கொத்து.

சரியான தீர்வு சொந்த நோட் ஓட்டுவது, அதாவது பேரேட்டை உங்கள் கணினியிலேயே சரிபார்ப்பது. பிட்காயின் கோர் மென்பொருளைப் பழைய லேப்டாப்பிலேயே ஓட்டலாம். முதல் முறை முழுப் பேரேட்டையும், அதாவது 600 ஜிபிக்கு மேல், தரவிறக்கிச் சரிபார்க்கும். ஆனால் ப்ரூன் அமைப்பில் வைத்தால் பழைய பிளாக்குகளை (பேரேட்டின் பக்கங்களை) அழித்துக்கொண்டே போகும், பிளாக்குகளுக்கான இடத்தை 550 எம்பி வரை குறைக்கலாம். அளவில்லாத பிராட்பேண்ட் இருக்கிறவர்கள் சில நாள் ஓடவிட்டால் போதும். மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம்.

நோட் முடியாதென்றால், வாலட்டை டோர் (இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பும் வலையமைப்பு) வழியாக இணையுங்கள். ஐபி மறையும், முகவரிகள் கொத்தாகத் தெரிவது மட்டும் மாறாது. பரிவர்த்தனை போய்ச் சேர்ந்ததா என்று பேரேட்டைத் தேடிப் பார்க்கும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் நாலு முறை தேடும் பழக்கம் இருந்தால் அதற்கும் டோர் பிரவுசர் பயன்படுத்துங்கள். உங்கள் முகவரியில் உங்களைவிட அக்கறை காட்டுகிற ஆள் வேறு யார் இருக்கப்போகிறார்கள்? தளம் நடத்துகிறவரும் அப்படித்தான் யோசிப்பார்.

எக்ஸ்பப் (xpub) என்று தொடங்கும் நீளமான சாவியை எந்தச் செயலி கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள். அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது. ஆனால் அந்த வாலட்டின் பழைய, இனி வரப்போகிற முகவரிகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். வரிக் கணக்குச் செயலிகள் சில இதைத்தான் கேட்கின்றன.

எதீரியம் வைத்திருக்கிறவர்களுக்கு

அங்கே நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலானோர் ஒரே முகவரியில்தான் எல்லாம் வைத்திருக்கிறார்கள். டோக்கன், என்எஃப்டி, கடன், வாக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். அதன் மேல் சொந்தப் பெயரில் ஒரு டாட் ஈத் பெயர் (முகவரிக்குப் பதிலாகப் பயன்படும் .eth பெயர்) வாங்கி எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு கணக்கு வையுங்கள். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டணத்துக்காக ஈத்தர் (எதீரியத்தின் நாணயம்) அனுப்பினால் அதுவே இரண்டையும் இணைத்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தனித்தனியாக எடுங்கள்.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில, கடைசிச் சில எழுத்துகள் உள்ள முகவரியை உருவாக்கி, உங்கள் வரலாற்றில் வந்து உட்காரும்படி பூஜ்யத் தொகை அனுப்புவார்கள். பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது தவறானதை எடுத்துவிடுவீர்கள் என்பது கணக்கு. 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 ராப்டு பிட்காயினை (எதீரியத்தில் பிட்காயின் மதிப்போடு புழங்கும் டோக்கன்), சுமார் 6.8 கோடி டாலரை, தப்பான முகவரிக்கு அனுப்பிவிட்டார். அதிர்ஷ்டவசமாகப் பெரும்பகுதி பேச்சுவார்த்தைக்குப் பின் திரும்பி வந்தது. முகவரியை நடுப்பகுதி உட்பட சரிபார்த்து அனுப்புங்கள்.

மிக்ஸர், மொனேரோ, லைட்னிங்: தேவையா?

பலருடைய காசுகளைக் கலந்து தடத்தைக் குழப்பும் மிக்ஸர் சேவைகளைப் புதியவர்கள் தொட வேண்டாம் என்பது என் கருத்து. தொழில்நுட்பம் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படிக் கலக்கும் வசதி கொண்ட சமூராய் வாலட்டை உருவாக்கிய இருவர் 2024 ஏப்ரலில் கைதாகி, 2025 நவம்பரில் ஐந்து, நான்கு வருடச் சிறைத் தண்டனை பெற்றார்கள். இன்னொரு மிக்ஸரான டோர்னடோ கேஷை அமெரிக்கா 2022 ஆகஸ்டில் தடைப்பட்டியலில் சேர்த்தது, 2025 மார்ச்சில்தான் எடுத்தது. நடுவில் அதைத் தொட்ட சாதாரணப் பயனர்களும் சிக்கலில் இருந்தார்கள். கலந்து வந்த காசை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கணக்கை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் வேலை உங்களுடையது. காசைக் கலக்காமல் வைத்திருந்தாலே சாதாரண ஆளுக்கு வேண்டிய பாதுகாப்பில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது.

மொனேரோ 2014-ல் வந்த தனி நாணயம். அனுப்புநர், பெறுநர், தொகை மூன்றையும் இயல்பாகவே மறைக்கிறது. வடிவமைப்பில் பிட்காயினைவிடப் பல படி மேல். ஆனால் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய நாணயங்களை எக்ஸ்சேஞ்சுகள் கையாள 2027 ஜூலை முதல் தடை வருகிறது. வாங்குவதும் விற்பதும் கஷ்டமாகிக்கொண்டே போகும்.

சின்னச் செலவுகளுக்கு, பிட்காயினுக்கு மேல் ஓடும் தனி வலையமைப்பான லைட்னிங் நல்லது. ஒவ்வொரு செலவும் பேரேட்டில் ஏறுவதில்லை. இடையில் இருக்கும் நோட்களுக்கு முழுப் பாதையும் தெரியாது. ஆனால் உங்கள் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் லைட்னிங் செயலிகளில் அந்த நிறுவனத்துக்கு எல்லாமே தெரியும்.

வரிக் கணக்கு

இந்தியாவில் லாபத்துக்கு 30% வரி, மேலே செஸ். விற்கும்போது 1% டிடிஎஸ். நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. வரிப் படிவத்தில் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை எல்லாம் கேட்பார்கள். ஐந்தாம் படியில் எழுதச் சொன்ன லேபிள்கள் இங்கேயும் கைகொடுக்கும்: எந்தக் காசு எப்போது எந்த விலைக்கு வந்தது என்று தனியாகத் தேட வேண்டாம். அந்தப் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வைக்காமல், கணினியில் பாஸ்வேர்டு போட்ட கோப்பாக வையுங்கள்.

ஏற்கெனவே எல்லாம் கலந்துபோய்விட்டதென்றால்

பேரேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. பலர் செய்கிற வேலை, புது வாலட் திறந்து பழையதிலிருந்து மொத்தத்தையும் அங்கே அனுப்புவது. அப்படி அனுப்பினால் பழைய தடம் முழுதும் ஒரே பரிவர்த்தனையில் புது வாலட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். பழைய வாலட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அது உங்கள் பெயரில் உள்ள பகிரங்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டியிருந்தால் அதிலிருந்தே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்றுவிடுங்கள், அங்கே எப்படியும் உங்களைத் தெரியும். புது சீட் வார்த்தைகளோடு புது வாலட் திறந்து, இனி வரும் பணத்தை மட்டும் அதில் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தோஷிகூடப் போகக் கூடாது.